நாற்பது வாட்ல ஒரு ரேடியோ ஸ்டேஷன்

எங்க புதுக்கோட்டைப் பக்கம் ரேடியோன்னாலே திருச்சி நிலையம்தான். அது ஆரம்பிச்சது 1939 மே 16. அதுக்குச் சரியா 15 வருஷம் முன்னாடி, 1924ல அதே மே 16ல, சென்னையில சி.வி.கிருஷ்ணசாமி செட்டி மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். இந்தத் தேதிப் பொருத்தத்தைப் பார்த்ததும்தான் அவரைப் பத்தி எழுதத் தோணுச்சு. மார்க்கோனியத் தெரியும், ஜே.சி.போஸைத் தெரியும். செட்டியாரை எத்தனை பேருக்குத் தெரியும், சொல்லுங்க?

1924 ஜூலை 31ல கிளப்போட ஒலிபரப்பு ஆரம்பம். டிரான்ஸ்மிட்டரோட சக்தி வெறும் 40 வாட். நம்ம பழைய குண்டு பல்பே 60 வாட் மக்களே! பின்னால அதை 200 வாட்டாக்கினாங்க. அகில இந்திய வானொலிங்கற பேரே 1936லதான் வந்துச்சு. ஆனா பம்பாய், கல்கத்தா கிளப்புகள் 1923லயே ஒலிபரப்பு செஞ்சாச்சு. அதனால 'இந்தியாவிலேயே முதல்'னு யாராவது சொன்னா நம்பாதீங்க :-)

ஆர்வம் இருந்துச்சு, காசு இல்ல. பத்திரிகைன்னா காசு கொடுத்தவனுக்கு மட்டும் கொடுக்கலாம். ரேடியோ அலையை அப்படிப் பூட்டி வைக்க முடியுமா? சந்தா கட்டாதவன் காதுலயும்தான் விழும். 1927 அக்டோபரோட கிளப் படுத்துருச்சு.

இங்கதான் எனக்கு செட்டியாரை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அந்த டிரான்ஸ்மிட்டர் பரண்மேல போகல, சென்னை மாநகராட்சி கைக்குப் போச்சு. கார்ப்பரேஷன் குப்பை அள்ளும், குழாயில தண்ணி விடும், ரேடியோ ஸ்டேஷன் நடத்துமா? நடத்துச்சுங்க! 1930 ஏப்ரல் 1லேர்ந்து தினமும் சாயங்காலம் ஒலிபரப்பு. வேடிக்கை என்னன்னா, பம்பாய், கல்கத்தா நிலையங்களை நடத்தி நொடிச்சுப்போன தனியார் கம்பெனிகிட்டேருந்து அரசாங்கம் அதுகளை எடுத்துக்கிட்டதும் அதே நாள்தான்.

அப்போ ரேடியோ பெட்டி வாங்கறது எல்லாராலயும் ஆகற காரியமில்ல. வாங்கினாலும் வருஷத்துக்கு 10 ரூபா லைசென்ஸ் கட்டணும். அதனால கார்ப்பரேஷன் மெரினாவுலயும் பூங்காக்கள்லயும் ஒலிபெருக்கி வெச்சுது. காத்து வாங்க வந்தவங்க மணல்ல உக்காந்து ஓசியிலயே கச்சேரி கேட்டாங்க. எட்டு வருஷம் இப்படி ஓடி, 1938 ஜூன் 16ல அகில இந்திய வானொலி சென்னை நிலையம் வந்தப்பதான் நின்னுச்சு. அடுத்த வருஷம் எங்க திருச்சிக்கும் வந்தாச்சு.