சொல்ல இயலாத நோயாளி: குழந்தைகளுக்கான எபிடியூரலும் மீயொலியும்

தண்டுவடத்தைப் போர்த்தியுள்ள உறைக்கும் முதுகெலும்புக்கும் நடுவே மெல்லிய இடைவெளி ஒன்று உண்டு. அங்கே மரப்பு மருந்தைச் செலுத்தினால், அவ்வழியே வெளியேறும் நரம்புகள் மரத்துப்போகின்றன. இதுவே எபிடியூரல். இடுப்புப் பகுதியில் ஊசியிட்டு இதைச் செய்யும் முறையை 1921இல் விவரித்தவர் ஸ்பெயினின் இராணுவ அறுவை மருத்துவர் ஃபிடெல் பாஹெஸ். 1930களில் இத்தாலியரான அகில்லே தொல்யோத்தி 'தடை இழப்பு' முறையைப் பரவலாக்கினார். கெட்டியான தசைநாரை ஊசி கடக்கும்வரை சிரிஞ்சின் தண்டு அழுத்தத்தை எதிர்க்கும்; கடந்ததும் எதிர்ப்பு சட்டென மறையும். கண் காணாத இடத்தை விரல் இவ்வாறு அறிந்துகொண்டது.

விரலுக்கு வேறொரு துணையும் இருந்தது: நோயாளியின் சொல். ஊசி நரம்பைத் தீண்டினால், காலில் மின்னல் பாய்ந்ததுபோல் இருப்பதாக விழித்திருக்கும் பெரியவர் உடனே சொல்லிவிடுவார். குழந்தையிடம் அந்தத் துணை இல்லை. அசையாமல் படுத்திருக்க அதனால் இயலாது என்பதால், பெரும்பாலும் முழு மயக்கத்தில் ஆழ்த்திய பிறகே எபிடியூரல் ஊசி போடப்படுகிறது. பெரியவர்களில் முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் முடியும் தண்டுவடம், பிறந்த சிசுவில் மூன்றாவது முள்ளெலும்பு வரை இறங்கியிருக்கும். தோலிலிருந்து அந்த இடைவெளிக்கு உள்ள தொலைவோ ஏறத்தாழ 1 செ.மீ. தசைநாரும் மிருதுவானது, விரல் நம்பியிருந்த எதிர்ப்பு அங்கே மங்கலாகவே உணரப்படும்.

ஊசியிடுவதன் ஆபத்து இப்படியிருக்க, குழந்தையின் வலியைப் பற்றிய மருத்துவ நம்பிக்கையும் நெடுங்காலம் தடையாக நின்றது. சிசுக்களின் நரம்பு மண்டலம் முதிராதது, ஆகவே அவை வலியை முழுமையாக உணர்வதில்லை என்ற கருத்து 1980கள் வரை செல்வாக்குடன் இருந்தது. இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்ற கே.ஜே.எஸ். ஆனந்த் தம் குழுவினருடன் 1987இல் வெளியிட்ட ஆய்வு அதை உலுக்கியது. இதய அறுவைக்குள்ளான குறைப்பிரசவக் குழந்தைகளில், ஃபென்டனில் என்னும் வலிநீக்கி பெற்றவர்களுக்கு அழுத்த ஹார்மோன்கள் குறைவாகச் சுரந்தன. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் குறைந்தன. வாய் சொல்லாததை இரத்தம் சொல்லியது. குழந்தையின் வலியைத் தணிப்பது அதன்பின் கருணையாக மட்டும் கருதப்படவில்லை, சிகிச்சையின் கடமையாயிற்று.

கடமை உறுதியான பிறகு, ஊசியின் பாதையைக் காண்பது எப்படி என்ற கேள்வி எஞ்சியது. எபிடியூரல் இடைவெளியை மீயொலியால், அதாவது அல்ட்ராசவுண்டால், கண்டறியும் முயற்சி 1980இலேயே அமெரிக்காவில் பதிவாகியுள்ளது. ஆனால் பெரியவர்களின் முதுகெலும்பு ஒலியலைகளைத் தடுத்துவிடும். எலும்புகளுக்கிடையே உள்ள குறுகிய சந்துகளின் வழியாகவே உட்பகுதியைக் காண இயலும். இங்குதான் வரலாறு ஒரு திருப்பத்தைக் காண்கிறது. சிசுவின் முள்ளெலும்புகளில் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பே. ஒலி அதனூடே தடையின்றிச் செல்லும். தண்டுவடம், அதன் உறை, மருந்து பரவும்போது உறை விலகும் அசைவு ஆகிய யாவும் திரையில் தெரியும்.

வியன்னாவின் மயக்கவியல் ஆய்வாளர்கள் 2006இல் 64 குழந்தைகளை இரு பிரிவாக்கி இரு முறைகளையும் ஒப்பிட்டனர். தடை இழப்பு முறையில் 71 விழுக்காட்டினரிடம் ஊசி எலும்பில் இடித்தது. மீயொலி வழிகாட்டலில் அது 17 விழுக்காடாகக் குறைந்தது. அடுத்த ஆண்டே அக்குழு சிசுக்களிடமும் குறைப்பிரசவக் குழந்தைகளிடமும் இம்முறையின் சாத்தியத்தைப் பதிவுசெய்தது.

இதற்கும் எல்லைகள் உண்டு. வயது ஏற ஏற எலும்பு இறுகிக் காட்சி மங்கும். ஒருவர் ஊசியை இயக்க, இன்னொருவர் கருவியைப் பிடிக்க வேண்டியிருக்கும். விரலின் உணர்வும் ஓய்வு பெறவில்லை. ஆயினும் ஒன்று கவனத்துக்குரியது. வலி இல்லை என்று வாதிடுவதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது சிசு உடலின் முதிர்ச்சியின்மை. அதே முதிர்ச்சியின்மைதான் பின்னாளில் அவ்வுடலினுள் ஒலியை அனுமதித்து, ஊசிக்கு வழிகாட்டியது. குழந்தை அன்றும் பேசவில்லை, இன்றும் பேசவில்லை; மாறியது கேட்பவர்களின் முறை.