ஈயத்துக்கு அடங்காத எழுத்து

ஹெர்மன் சாப்ஃப் 1918இல் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரிற் பிறந்தவர். எழுத்தோவியக் கலையை அவருக்குக் கற்பித்த ஆசிரியர் எவருமிலர். 1935இல் அந்நகரில் ருடால்ஃப் கோக் நினைவாக நடைபெற்ற கண்காட்சியைக் கண்டவர், கோக், எட்வர்ட் ஜான்ஸ்டன் ஆகியோரின் நூல்களை வாங்கி, அகன்ற முனைப் பேனாவால் தாமே எழுதிப் பழகினார். இரண்டாம் உலகப் போர் அவரைப் படைக்கு இழுத்துச் சென்றது. பிரான்சின் போர்தோ நகரில் அமர்ந்து ஸ்பெயின் நாட்டு இருப்புப்பாதைகளின் நிலப்படங்களை வரைவது அவருக்கு இடப்பட்ட பணி. உருப்பெருக்கிக் கண்ணாடியின்றி ஒரு மில்லிமீட்டர் அளவில் எழுத வல்ல கண்ணும் கையுமே அவரை மீண்டும் போர்முனைக்கு அனுப்பாமற் காத்தன என்பர். அப்போர்க்காலத்தில், 1944இல், தம் குறிப்பேட்டின் பக்கமொன்றில் அவர் எழுதிப் பார்த்த சாய்ந்த கையெழுத்தே ‘சாப்ஃபினோ’ எழுத்துருவின் மூலம்.

அது எழுத்துருவாக வெளிவர 54 ஆண்டுகள் ஆயின. குறை எழுத்தில் இல்லை, ஈயத்தில் இருந்தது. ஈய அச்செழுத்து ஒவ்வொன்றும் ஒரு நாற்கோணக் கட்டையின் தலையில் நிற்பது. கையெழுத்தின் நீண்ட வால் அடுத்த எழுத்தின் அடியில் நுழைய வேண்டுமாயின் கட்டைக்கு வெளியே நீட்டி நிற்க வேண்டும். நீட்டியது அச்சின் அழுத்தத்தில் எளிதில் முறியும். அதனினும் பெரிய இடர் வேறொன்று. மனிதக் கை ஓர் எழுத்தை இருமுறை ஒரேபோல் எழுதுவதில்லை. அச்சுக்கோப்பவரின் பெட்டியிலோ பெரும்பாலும் எழுத்துக்கு ஓர் உருவே உண்டு. போருக்குப்பின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரின் ஸ்டெம்பல் வார்ப்பகத்துக்காகச் சாப்ஃப் ‘விர்ச்சுவோசா’ என்னும் கையெழுத்து அச்சை வரைந்தார். அழகியதுதான், எனினும் பேனாவின் வீச்சை அடக்கிக்கொண்டு வரைந்தது. பலாட்டினோ, ஆப்டிமா எனப் பெரும்புகழ் பெற்ற அச்செழுத்துகள் அவர் கையினின்று தோன்றிய பின்னும், 1944ஆம் ஆண்டுப் பக்கம் குறிப்பேட்டிலேயே கிடந்தது.

1993இல் டேவிட் சீகல் என்னும் அமெரிக்கர் அவரை அணுகினார். ஓர் எழுத்துக்குப் பல உருவங்கள் வரைந்து வைத்து, அவற்றுள் எது எங்கே வரவேண்டும் என்பதைக் கணிப்பொறியே தேர்ந்துகொள்ளுமாறு செய்தல் அவர் எண்ணம். சாப்ஃபுக்குப் பழைய குறிப்பேடு நினைவுக்கு வந்தது. சீகல் இடையில் விலகிச் சென்றார், முதியவர் கைவிடவில்லை. லைனோடைப் நிறுவனத்தின் துணையுடன் 1998இல் சாப்ஃபினோ வெளிவந்தது. அதில் ஒன்றுக்கொன்று மாற்றாக நான்கு எழுத்துத் தொகுதிகள் இருந்தன. கூட்டெழுத்துகளும் அணிக்கோலங்களும் உடனிருந்தன. 2003இல் அகிரா கோபயாஷியின் துணையோடு அதனைத் திருத்தி விரிவாக்கியபோது சாப்ஃப் எண்பது வயதைக் கடந்திருந்தார். 2015இல் மறைந்தார்.

ஆப்பிள் நிறுவனம் தன் கணிப்பொறிகளில் இவ்வெழுத்துருவைச் சேர்த்தே வழங்கியதால், அழகறிந்தோர் கைக்கு மட்டுமன்றி எல்லார் கைக்கும் அது சென்றது. திருமண அழைப்பு, விருந்துப் பட்டியல், நூலின் முகப்பு, பாராட்டிதழ் ஆகியவற்றில் ஓரிரு சொற்களுக்கு இது பொருந்தும். மேலும் கீழும் வீச்சுகள் ஓடுவதால் வரிகளுக்கிடையே மிகுந்த வெளி விடவேண்டும். பத்தி பத்தியாகக் கோப்பதற்கு உரியதன்று. பெரிய எழுத்துகளை மட்டுமே அடுக்கிப் பெயர் பொறிப்போரும் உளர். அப்போது ஒன்றன் சுழிப்பு மற்றொன்றன்மேல் ஏறி, பெயருக்குரியவரே தம் பெயரைப் படிக்க இயலாது போகும்.