கோப்புப் பெயரில் ஓகாரம்

எகர ஒகரங்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. ஏடெழுதுவோர் அப்புள்ளியை இடாமையால் ஒரு வடிவம் இரு பாடங்களுக்கு இடந்தந்தது. இன்றைய கணினிக் கோப்புகளின் பெயர்களில் அதன் மறுதலையைக் காண்கிறோம்: ஒரு பாடத்திற்கு இரு வடிவம்.

வேலூர் மாவட்டத்துக் கணியம்பாடி கண்ணுக்கு ஆறெழுத்து. ஒருங்குறியிற் பத்துக் குறியீடு. யுடிஎஃப்-8 முறையில் 30 பைட்டு. இப்பெயரில் ஐயமில்லை. அவ்வட்டாரத்துத் தொழிற்பொருளாகிய ‘தோல்’ என்பதிலோ ஐயமுண்டு. ஓகாரக் குறியை ஒன்றாக எழுதின் 12 பைட்டு. கொம்பும் காலுமாகப் பிரித்தெழுதின் 15. தோற்றம் ஒன்றே, ஒருங்குறி விதியும் இரண்டையும் நிகரெனக் கொள்ளும்.

ஆயின், 1998-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. லினக்ஸ் பொதுவாகத் தந்தவாறே வைக்கும். இவ்விரண்டையும் ஒத்திசைக்கும் மென்பொருள் பைட்டுகளை மட்டும் ஒப்பிடின், ஒரு கோப்பை இரண்டெனக் கருதி மீண்டும் படியெடுக்கும். காலமும் இடமும் வீணாதலோடு, திருத்தம் ஒரு படியில் நிற்க, மற்றது பழையதாகவே கிடக்கும். ஆர்சிங்க் என்னும் கருவி 2008-இல் பெற்ற பெயர்க்குறியீட்டு மாற்று வசதி இதற்கொரு மருந்தாகும்.

சுவடிப் படிமங்களைத் திரட்டும் நாம், ஒப்பிடுமுன் பெயர்களை ஒரே வடிவிற் கொணர்தல் வேண்டும். எழுத்தை வரையறுத்த பின்னரே பாடத்தை ஒப்பிடுதல் பதிப்பு முறையன்றோ?