யாத்திராகமம் இருபதும் மாந்தைக் கோயிலும்

விக்கிரகம் செய்யாதே, அதை வணங்காதே என்ற கட்டளை மன்னார்க் கரையின் கதையில் இருமுறை ஆயுதமாகியது. இரண்டு முறையும் அதை ஏந்தியவர்கள் அந்த அத்தியாயத்தின் முதல் வரியைத் தாண்டிவந்தே ஏந்தினார்கள். 1560இல் யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்து, திரும்பும் வழியில் மன்னாரைக் கைப்பற்றியவர் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா. அந்தப் படையெடுப்பில் அகப்பட்ட, புத்தரின் பல் என்று சொல்லப்பட்ட ஒன்றைப் பெகு அரசன் பெரும்பணம் கொடுத்து மீட்க முன்வந்தான். விக்கிரக ஆராதனைக்குத் துணைபோகக் கூடாதென்று கோவாவின் குருமார் மறுக்க, அது பொடியாக்கப்பட்டது. நூறு வருடம் கழியும் முன்பே அதே வாதம் கத்தோலிக்கர்மீது திரும்பியது. 1658இல் மன்னாரைப் பிடித்த ஒல்லாந்தக் கம்பனி குருமாரைத் துரத்தியது, அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பதைக் குற்றமாக்கியது, கோயில்களைத் தன் போதகர்களுக்குக் கொடுத்தது. 1670 அளவில் மாந்தைக் கோயிலின் மாதா சொரூபத்தை எடுத்துக்கொண்டு இருபது குடும்பங்கள் மருதமடுக் காட்டுக்குப் போயின என்கிறது மடுத் திருத்தலத்தின் மரபு. அது கண்டி அரசனின் எல்லை. கிறிஸ்தவ ஆட்சிக்குத் தப்பியோடிய கிறிஸ்தவர்களுக்குப் பௌத்த அரசனின் காடு இடம் கொடுத்தது!

யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தில் கட்டளைகளுக்கு முன்னால் ஒரு முகவுரை நிற்கிறது. எகிப்தின் அடிமை வீட்டிலிருந்து உன்னை வெளியே கொண்டுவந்தவர் நான் என்று சொல்லித்தான் கடவுள் பேசத் தொடங்குகிறார். கேட்டுக்கொண்டிருப்பது விடுபட்ட அடிமைக் கூட்டம். வேறு தெய்வம் வேண்டாம், அவற்றின் உருவம் வேண்டாம், அவற்றுக்குப் பணியாதே என்பது அந்த விடுதலையைக் காத்துக்கொள்ளும் உடன்படிக்கை. உருவம் என்ற ஒன்றே அங்கு பாவமாக இருந்திருந்தால், ஐந்து அதிகாரம் தள்ளி, உடன்படிக்கைப் பேழையின்மேல் இரண்டு பொற்கெரூபீன்களை வைக்கச் சொல்லும் கட்டளைக்கு இடமிருந்திராது. எண்ணாகமத்தில் மோசே வெண்கலச் சர்ப்பத்தைச் செய்வதும் கடவுள் சொல்லித்தான். கத்தோலிக்கரும் இங்கே முழுச் சுத்தமில்லை. உருவத் தடையை முதற்கட்டளைக்குள் அடக்கி எண்ணும் அவர்களது மரபில், மனப்பாடத்துக்கான சுருக்கத்தில் அந்த வரி கண்ணிலேயே படாது. சீர்திருத்தச் சபையினரோ அதைத் தனி இரண்டாம் கட்டளையாக்கி முன்னே நிறுத்தினார்கள்.

எசேக்கியா அரசன் அந்தச் சர்ப்பத்தை உடைத்தானே, அதற்கு மக்கள் தூபம் காட்டியதால்தானே என்று ஒல்லாந்தர் தரப்பில் கேட்கலாம். வலுவான கேள்விதான், வழிபாடு திசைமாறும்போது உருவத்தை அகற்றலாம் என்பதற்கு அதில் ஆதாரம் உண்டு. ஆனால் எசேக்கியா தன் சொந்தச் சனத்தின் சீர்கேட்டைத் திருத்தியவன். கடல் கடந்து வந்து, வென்ற மக்களின் ஆலயத்தைப் பறிப்பதற்கு அந்தக் கதை சாட்சி சொல்லாது. கம்பனிக்கு வசனம் ஒரு சாட்டுத்தான், போர்த்துக்கேயர் திரும்பிவிடுவார்கள் என்ற பயமே காரணம் என்பது இன்னொரு மறுப்பு. அதை மறுக்க வேண்டியதில்லை. கடலின் மறுகரையே அதை நிரூபிக்கிறது. தூத்துக்குடியையும் கம்பனி 1658இல்தான் பிடித்தது. யாழ்ப்பாணத்துப் போதகர் பால்டேயுஸ் அங்கு போய்க் கத்தோலிக்கப் பரவரைத் தன் சபைக்கு மாற்றப் பார்த்து முடியாமல் திரும்பினார். முத்துக்குளிப்புக்குப் பரவர் வேண்டும். நிலமும் மதுரை நாயக்கருடையது. அதனால் ஒல்லாந்தர் கண்ணெதிரிலேயே 1713இல் பனிமய மாதா கோயில் எழுந்தது. சொந்த ஆட்சி இல்லாத இடத்தில் போதகர் என்ன செய்ய முடியும் என்று சொல்லலாம். அப்படியானால் ஒரு கரையில் விக்கிரகமானது மறுகரையில் பொறுத்துக்கொள்ளத்தக்கதானது வேதத்தால் அல்ல, கோட்டையின் எல்லையால்.

அந்த எல்லையை மீறி 1687இல் தூத்துக்குடியிலிருந்து தோணியேறி மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்தவர் கோவாக் குருவான யோசேவாஸ். கண்டி அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரை முதலில் ஒற்றரென்று சிறைவைத்து, பிறகு சுதந்திரமாக நடமாடவிட்டான். ஒல்லாந்தர் எல்லைக்குள்ளோ ஞானஸ்நானப் பதிவு உத்தியோகத்துக்கும் உரிமைக்கும் வழியாயிருந்ததால், போதகரின் ஏட்டில் பெயர்கள் பெருகின. 1806இல் ஆங்கில ஆளுநர் மெயிற்லண்ட் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை நீக்கினார். ஒல்லாந்தர் ஆட்சி போனபின் அந்தப் பெயர்களில் பெரும்பகுதி ஏட்டைவிட்டு இறங்கிப்போனது.