டாவோஸ் மலையில் ஓர் ஓவியப் பட்டறை

  நேரலையில் பேசும்போது படங்களைத் திரையில் காட்டினேன். அச்சில் அவை இல்லை. பெயர்களைத் தெளிவாகச் சொல்கிறேன், தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாவோஸ் என்றதும் ஜனவரி மாதத்துத் தொலைக்காட்சிச் செய்தி நினைவுக்கு வரும்: கறுப்பு மேலங்கி அணிந்த தலைவர்கள், பனிக்குள் நிற்கும் பொலிசார். தாதிப் பட்டயம் படித்த எங்களுக்கு அந்தப் பெயர் வேறு வழியாக வந்தது. அது சயரோக மலை. 1848 புரட்சிக்குப் பிறகு ஜேர்மனியிலிருந்து அகதியாக வந்த அலெக்ஸாண்டர் ஸ்பெங்லர் 1853இல் அங்கே வைத்தியரானார். 1865இல் இரண்டு நோயாளர்கள் குளிர்காலத்தில் அங்கே தங்கித் தேறினார்கள். அதன் பின் 1560 மீற்றர் உயரத்து மாட்டுக் கிராமம் பல்கனிகளின் ஊரானது. கம்பளிக்குள் சுருண்டு மணிக்கணக்காகத் திறந்த பல்கனியில் கிடப்பதுதான் சிகிச்சை. இருமித் துப்ப ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் நீலக் கண்ணாடிக் குப்பி இருக்கும். தோமஸ் மான் எழுதிய ‘மாய மலை’ இந்த ஊரைப் பற்றியதுதான். சென்னையில் மின்சார ரயிலில் போனவர்கள் ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற நிலையத்தைக் கடந்திருப்பீர்கள். அதுவும் இதே வைத்திய முறையின் கிளைதான். இங்கிலாந்தில் சயரோக வைத்தியராக இருந்த டேவிட் சௌரி முத்து 1928இல் அதைத் தொடங்கினார்.

1917 ஜனவரியில் இந்த மலைக்கு வந்த ஒரு நோயாளிக்குச் சயரோகம் இல்லை. எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஹ்னர், ஓவியர், வயது 36. வெரோனால் என்ற தூக்க மருந்து, மார்ஃபீன், மது மூன்றுக்கும் பழகிய உடம்பு. கைகால்கள் சொன்னபடி கேட்கவில்லை. மெய்யியலாளர் எபெர்ஹார்ட் கிரிஸெபாஹ் அழைத்து, அலெக்ஸாண்டரின் மகன் வைத்தியர் லூட்சியுஸ் ஸ்பெங்லரிடம் ஒப்படைத்தார். கடுங்குளிர் தாங்காமல் சில நாட்களிலேயே திரும்பிப் போனவர், அந்த ஆண்டு மே மாதம் மறுபடி வந்தார். இடையில் சில மாதங்கள் தவிர, சாகும்வரை இந்த மலையை விட்டு அவர் போகவில்லை.

எங்கள் தொழிலில் பணி மாறும்போது நோயாளியை அடுத்தவரிடம் சொல்லி ஒப்படைப்போம். அதற்கு முன்கதை தெரியவேண்டும்.

கிர்ஹ்னர் 1880இல் பிறந்தவர். டிரெஸ்டனில் கட்டடக்கலை படித்தவர், ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர் அல்லர். 1905 ஜூன் 7 அன்று அவரும் ஹெக்கல், ஷ்மிட்-ரொட்லுஃப், பிளைல் என்ற மூன்று கட்டடக்கலை மாணவர்களும் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். ‘பாலம்’ என்று பெயர். அவர்களுடைய பட்டறைகளில் ஒன்று பழைய இறைச்சிக் கடை. மாதிரியாக நிற்பவர் கால்மணி நேரத்துக்கு ஒருமுறை நிலையை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குள் வரைந்து முடிக்கவேண்டும். கை யோசிக்கக்கூடாது என்பதற்கான பயிற்சி அது. 1906இல் அவர்களுடைய முதற் கண்காட்சி டிரெஸ்டன் புறநகரில் ஒரு விளக்குத் தொழிற்சாலையின் காட்சியறையில் நடந்தது. மேலே விற்பனைக்குரிய விளக்குகள், சுவரில் ஓவியங்கள். பெரிதாக யாரும் வரவில்லை.

பிழைப்புக்கு அவர்கள் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்தது. ஆண்டுக்கு 12 மார்க் கட்டினால் யாரும் துணை உறுப்பினராகலாம். ஆண்டு முடிவில் மூல அச்சுப் படங்கள் கொண்ட ஒரு மடக்குறை வீட்டுக்கு வரும். சந்தா கட்டி நடத்தும் சிற்றிதழை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அதே யோசனைதான். அன்று 12 மார்க் கொடுத்தவரின் பேரப்பிள்ளைகளிடம் அந்த உறை பத்திரமாக இருந்தால் இன்று வீடே வாங்கலாம்.

இங்கே நமக்கு நெருக்கமான ஒரு சங்கதி உண்டு. டிரெஸ்டனில் ஒரு நூலகத்தில் அவர் கண்ணில் பட்டது, பம்பாய் ஓவியப் பள்ளியைச் சேர்ந்த ஜோன் கிரிஃபித்ஸ் வெளியிட்ட அஜந்தா ஓவியப் பிரதிகளின் பெருநூல். அதிலிருந்து உருவங்களைப் பார்த்துப் பார்த்துப் பிரதி செய்தார். உடலின் முழுமையையும் திரட்சியையும் தட்டையான நிறப்பரப்பில் எப்படிக் கொண்டுவருவது என்பதை அந்தக் குகை ஓவியர்களிடம் கற்றார். 1911இல் அவர் வரைந்த ‘ஏரியில் ஐந்து குளிக்கும் பெண்கள்’ ஓவியத்தின் இடுப்பையும் தோளையும் பார்த்தால் எங்கிருந்து வந்தது என்று புரியும். ஐரோப்பிய நவீன ஓவியம் ஆபிரிக்கச் சிற்பத்திடம் கடன்பட்டதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அஜந்தாக் கடனைப் பற்றி அந்த அளவு பேசுவதில்லை.

அந்தப் பட்டறையில் என்னால் கடந்து போக முடியாத இன்னொன்றும் இருக்கிறது. ஃபிரென்ஸி என்ற சிறுமி. 1900இல் பிறந்தவள், 1909, 1910இல் இவர்களுக்கு மாதிரியாக நின்றாள், ஆடையின்றியும். சிறுவர் விடுதியில் வேலை செய்த எனக்கு அந்தப் படங்களின் முன் கலை வரலாறு பேச வாய் வரவில்லை. இப்போது அருங்காட்சியகங்களும் இதை வெளிப்படையாகப் பேசத் தொடங்கியிருக்கின்றன. நல்லது.

1911இல் பெர்லினுக்குப் போனார். பெஹ்ஸ்டைன் என்ற நண்பருடன் நவீன ஓவியம் கற்பிக்கும் பள்ளி ஒன்றைத் திறந்தார். மாணவர்கள் வரவில்லை, பள்ளி படுத்தது. 1913இல் குழுவும் உடைந்தது. தெரு ஓவியங்கள் என்று இன்று உலகம் கொண்டாடுபவை அந்தத் தனிமையில் வந்தவை. பிறகு போர். 1915இல் பீரங்கிப் படைப் பயிற்சிக்குப் போனவர், போர்முனையைக் காணுமுன்னரே உடைந்துபோனார். அந்த ஆண்டு ‘படைவீரனாகத் தற்படம்’ வரைந்தார். சீருடை, வாயில் சிகரெட், வலது கை மணிக்கட்டோடு வெட்டுண்டு குருதி வழியும் முண்டம். உண்மையில் அவர் கைக்கு ஒரு கீறலும் இல்லை. வரைய முடியாமற்போகும் என்ற பயத்தை அவர் வரைந்தார், அதே கையால்.

இந்தக் கைதான் என்னை அவரிடம் இழுத்தது. 1917 செப்டெம்பரிலிருந்து 1918 கோடைவரை போடன் ஏரிக்கரையிலுள்ள குரொய்ட்ஸ்லிங்கனில், லுட்விக் பின்ஸ்வாங்கரின் மனநல மருத்துவமனையில் இருந்தார். கை செயலிழந்தது என்று கடிதங்களை மற்றவர் கையால் எழுதுவித்தார். அதே மாதங்களில் பேனை பிடிக்கமுடியாத கை மரக்கட்டையைச் செதுக்கியது. அவருடைய மிகச் சிறந்த மரவெட்டு முகங்கள் சில அங்கே பிறந்தவை. ‘அப்படியானால் நடித்தாரா?’ என்று நேரலையில் ஒருவர் கேட்டார். இல்லை, தம்பி. ஸ்கானில் ஒன்றுமில்லாமல் கால் அசையாத நோயாளர்களைத் தூக்கி உட்காரவைத்திருக்கிறேன். அவர்கள் பொய் சொல்வதில்லை. கடிதம் எழுதுவது வேறு வேலை, மரம் வெட்டுவது வேறு வேலை. எந்த வேலைக்குக் கை திரும்பி வருகிறது என்பதைக் கவனிப்பது எங்கள் தொழிலில் பாதி.

அந்த 1917 கோடையில் அவரை டாவோஸுக்கு மேலே ஸ்டாஃபெல்ஆல்ப் மேய்ச்சல் நிலத்துக் குடிசை ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். கூட ஒரு தாதி போனார். கடைத்தெருவுக்கு நடந்து இறங்கவேண்டிய உயரத்தில், மாட்டு மணிச் சத்தத்துக்கு நடுவில், மருந்துக்குத் தவிக்கும் ஒருவரோடு ஒரு பெண் பகலும் இரவும் இருந்திருக்கிறார். எந்தக் கண்காட்சி நூலிலும் அவரைப் பற்றி ஒரு வரிக்கு மேல் நான் கண்டதில்லை.

1918இல் ஃபிரௌவன்கிர்ஹ் கிராமத்தில் ‘லார்ச் மரங்களுக்குள்’ என்று பெயர்கொண்ட விவசாய வீட்டை வாடகைக்கு எடுத்தார். 1923இல் செர்ட்டிக் பள்ளத்தாக்கின் வாசலிலுள்ள வில்ட்போடன் வீட்டுக்கு மாறினார். 1921 அளவில் மார்ஃபீனிலிருந்து மீண்டிருந்தார். அதே ஆண்டில் அவருடைய துணைவி எர்னா ஷில்லிங்கும் பெர்லினை விட்டு வந்து சேர்ந்தார். அதுவரை பெர்லின் பட்டறையையும் விற்பனையையும் கணக்கையும் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்லவேண்டும். மலைச்சரிவில், களத்தில், நடனக் கொட்டகையில் எங்கே நின்றாலும் கையடக்கக் குறிப்பேட்டில் நொடிகளில் கோடு போடுவார். நூற்றுக்கும் மேற்பட்ட குறிப்பேடுகள் மிஞ்சியிருக்கின்றன. பட்டறைக்கு வந்தபின் அவற்றிலிருந்து பெரிய ஓவியம் வளரும். எண்ணெய் நிறத்தில் மெழுகும் பென்சினும் கலந்து மினுக்கமில்லாத பரப்பை எடுத்தார். பழைய ஓவியத்தைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கத்தில் புதியது வரைந்தார். இரு பக்கமும் ஓவியமுள்ள துணிகள் நூற்றுக்கு மேல் உண்டு. மரவெட்டுப் படங்களைத் தானே அச்சிட்டார். 1919இன் ‘குளிர்கால நிலவிரவு’ படத்தின் பிரதிகளை அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்றின் நிறம் மற்றதில் இல்லை. கட்டில், நாற்காலி, கதவு என்று வீட்டுச் சாமான்களையும் செதுக்கினார். எர்னாவுக்குச் செதுக்கிய கட்டிலில் ஆணும் பெண்ணும் காவல் நிற்பார்கள். ஊர்த் தேவாலயத்தையும் வரைந்தார். பனிச்சரிவைப் பிளந்துவிடக் கப்பலின் முன்முனைபோலக் கட்டிய பின்சுவர் அதற்கு. அங்கே ஞாயிறு ஆராதனைக்கு ஒருமுறை போனேன். சுவரின் தடிப்பைப் பார்த்ததும் பாட்டு மறந்துவிட்டது.

1922இலிருந்து டாவோஸில் இருந்த லீஸ கூயர் என்ற பெண் அவருடைய வரைவுகளைத் தறியில் நெய்தார். கிர்ஹ்னர் வரைவு தருவார், அதை நூலாக்குவது லீஸவின் பாடு. 1923இல் பாசல் நகரில் கண்காட்சி நடந்தபின் இளம் சுவிஸ் கலைஞர்கள் மலையேறி வந்தார்கள்: அல்பெர்ட் முல்லர், ஹெர்மன் ஷெரர், பவுல் காமெனிஷ். கூடவே தங்கி மரம் செதுக்கினார்கள், ஒருவரையொருவர் வரைந்தார்கள். பெர்லின் பள்ளியில் நடக்காதது இங்கே கட்டணமில்லாமல் நடந்தது. 1924 ஆண்டின் கடைசி இரவில் அவர்கள் ‘சிவப்பு-நீலம்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். முல்லர் 1926இலும் ஷெரர் 1927இலும் இறந்துபோனார்கள். பட்டறை மறுபடி அமைதியாயிற்று.

இனி எனக்குச் சங்கடமான பகுதி. 1920இலிருந்து லூயி டி மார்சால் என்ற பிரெஞ்சு விமர்சகர் கிர்ஹ்னரைப் பற்றிக் கூர்மையான கட்டுரைகள் எழுதினார். கண்காட்சி நூல்களுக்கு முன்னுரையும் தந்தார். அவரை யாரும் நேரில் கண்டதில்லை. காரணம் எளிது: மார்சால் என்று ஒருவர் இல்லை, கிர்ஹ்னர்தான் எழுதினார். அதோடு, தன் பழைய ஓவியங்களில் முந்திய ஆண்டைப் போட்டார், யாரிடமிருந்தும் தான் கற்கவில்லை என்று காட்டுவதற்காக. சிலவற்றை மேலே திருத்தியும் வரைந்தார்.

மார்சாலை நினைத்தால் சிரிப்பு வரும். முன்தேதி அப்படியில்லை. பயிற்சிக் காலத்தில் ஒரு நோயாளரின் இரத்த அழுத்தத்தைப் பார்க்க மறந்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்து, பழைய நேரத்தைப் போட்டு எழுதினேன். ஒன்றும் ஆகவில்லை, யாரும் கண்டுபிடிக்கவுமில்லை. இருபது வருடமாகியும் அந்தப் பேனைமை என் விரலில் இருக்கிறது. ஆகவே கிர்ஹ்னரை நான் எளிதில் மன்னிப்பதில்லை. அஜந்தாவை வெளிப்படையாகச் சொன்ன மனிதருக்கு மத்தீஸைச் சொல்ல ஏன் வாய் வரவில்லை?

1933இல் பேர்ண் கலைமன்றத்தில் அவர் வாழ்நாளின் மிகப் பெரிய கண்காட்சி. எந்தப் படம் எங்கே என்பதையெல்லாம் அவரே பார்த்தார். நூலில் மார்சாலின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிலுவைக் குறி, விமர்சகர் காலமாகிவிட்டார். அங்கே நான்கு மீற்றர் அகலமான ‘ஆல்ப் ஞாயிறு’ ஓவியத்தைப் பேர்ண் அருங்காட்சியகம் வாங்கியது. கிர்ஹ்னர் உயிரோடிருந்தபோது சுவிஸ் அருங்காட்சியகம் ஒன்று வாங்கிய ஓவியம் அது மட்டுந்தான். அதன் இணையான ‘மலை விவசாயிகளின் ஞாயிறு’ பின்னாளில் ஜேர்மன் சான்சலர் அலுவலகத்தின் அமைச்சரவை அறைக்குப் போனது. அதை அந்த நாடே தன் சுவரில் மாட்டியதை நினைத்துப் பாருங்கள். ஏனென்றால் 1937இல் அதே நாடு தன் அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய 639 படைப்புகளைப் பறிமுதல் செய்து, ஒரு பகுதியை மியூனிக்கில் ‘சீரழிந்த கலை’ என்று ஏளனத்துக்கு வைத்தது. பிரஷ்யக் கலைக்கழகம் அவரை வெளியேற்றியது.

அப்போது மார்ஃபீன் வகை மருந்து மறுபடி உடம்புக்குள் வந்திருந்தது. அவரைப் பார்த்த வைத்தியர்களில் ஒருவரான ஃபிரெடெரிக் பவ்வர் அவருடைய ஓவியங்களைப் பெருமளவில் சேகரித்தவரும்கூட. இன்றைய தொழில் விதிகளை அன்றைக்குப் பொருத்தக்கூடாதுதான். ஆனாலும் நோயாளியின் படங்கள் சுவரில் தொங்கும் அறையில் மருந்துச்சீட்டு எழுதப்படுவதை என்னால் இயல்பாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஒஸ்திரியாவுக்குள் நுழைந்தது. எல்லை அந்த மலைகளுக்கு அப்பால் அருகில்தான். மரக்கட்டைகளையும் சிற்பங்களையும் அவர் தானே அழித்தார். ஜூன் 15 அன்று வில்ட்போடன் வீட்டருகே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 58.

எர்னா அந்த வீட்டிலேயே இருந்து, எஞ்சியவற்றைக் காத்து, 1945இல் இறந்தார். சட்டப்படி அவர்கள் மணம் முடிக்கவில்லை. டாவோஸ் வனக் கல்லறையில் கிர்ஹ்னர் என்ற பெயரோடுதான் அவரும் கிடக்கிறார். தற்கொலை செய்தவருக்காகக் கல்லறை முன் ஜெபிக்கலாமா என்று என் அம்மா ஒருகாலத்தில் தயங்கியிருப்பார். நான் தயங்கவில்லை.

1992இல் திறந்த கிர்ஹ்னர் அருங்காட்சியகத்தைக் கட்டியவர்கள் அனெட் கிகோன், மைக் குயர். மேலிருந்து பகல் வெளிச்சம் இறங்கும் கண்ணாடிப் பெட்டிகள் அவை. வெளியே பனி விழுந்தால் உள்ளே படத்தின் நிறம் மாறும். அங்கே போனால் ஓவியங்களைப் பார்த்து முடித்ததும் லீஸ கூயரின் நெசவுகளைத் தேடுங்கள். 1967இல் அவர் காலமானார். கிர்ஹ்னர் போய் வெகுகாலத்துக்குப் பிறகும் அவருடைய வரைவுகளைத் தறியிலேற்றி நெய்துகொண்டிருந்தார்.