ஓலை நாயகம் முதல் இதழியல் வகுப்பு வரை

எழுத்து இருவகைப் பணி புரிகின்றது. உள்ளத்திற்கு இன்பம் பயப்பது ஒன்று. உலகியற் காரியங்களை நடத்தித் தருவது மற்றொன்று. முன்னதை இலக்கியம் என்று போற்றுகிறோம். அதற்கு மன்றங்களும் மலர்களும் உண்டு. பின்னதாகிய கடிதம், விண்ணப்பம், அறிக்கை, செய்தி, அலுவலகக் குறிப்பு ஆகியவற்றை வெறும் எழுத்து வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். பிழைப்பு நாடிக் கடல் கடந்து இத்தீவுகளில் குடியேறிய தமிழராகிய நமக்கு, இவ்விரண்டாம் வகை எழுத்தே வாழ்வுரிமைக்கு வாயிலாக இருந்து வந்துள்ளது. அதனைக் கற்பிக்கும் முறை வளர்ந்த வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

இக்கலை தமிழர்க்குப் புதியதன்று. சோழர் ஆட்சியில் மன்னன் வாய்மொழியாக இட்ட ஆணையை எழுதும் அலுவலர் 'திருமந்திர ஓலை' எனப்பட்டார். அவர் எழுதியதைச் சரிபார்த்த மேல் அதிகாரி 'திருமந்திர ஓலை நாயகம்' எனப்பட்டார். ஒருவர் எழுத, மற்றொருவர் ஒப்பிட்டுப் பார்க்க, பின்னர் கணக்கில் பதிவு செய்யும் இம்முறை, இன்றைய அலுவலக நடைமுறையோடு பெரிதும் ஒத்திருத்தல் காண்க. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று வருவது இன்றைய நிக்கோபாரே என்பர் அறிஞர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் தீவின் பெயரைத் தமிழில் எழுதி வைத்தவரும் அரசவை எழுத்தாளரே. வள்ளுவர் தூதுக்கும் சொல்வன்மைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். நன்னூலார் நூலுக்குரிய குற்றம் பத்து, அழகு பத்து என வரையறுத்தார். பயன்படு எழுத்துக்கு இலக்கணம் உண்டு, அதனைப் பயிற்றுவிக்க இயலும் என்னும் கொள்கை நம்மிடம் தொன்றுதொட்டே இருந்தது.

அந்தமான் மண்ணில் எழுத்தின் வரலாறு துயரத்தோடு தொடங்குகின்றது. 1858-இல் ஆங்கில அரசு இங்குத் தண்டனைக் குடியேற்றத்தை நிறுவியது. 1896-இல் தொடங்கிய செல்லுலார் சிறையின் கட்டுமானம் 1906-இல் நிறைவுற்றது. அலகாபாத்திலிருந்து வெளிவந்த 'சுவராஜ்யா' என்னும் உருது இதழின் ஆசிரியர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தண்டிக்கப்பட்டனர். அவருள் லத்தா ராம், நந்த கோபால் போன்றோர் இச்சிறைக்கே அனுப்பப்பட்டனர். அவர்கள் செய்த குற்றம் எழுதியதே ஆகும். அக்காலத்துச் சிறைவாசிகள் வீட்டிற்கு ஆண்டுக்கு ஒரு கடிதம் எழுதுவதும் நன்னடத்தையின்பேரில் கிட்டும் சலுகையாகவே இருந்தது. ஓராண்டுத் துன்பத்தை ஒரு தாளில் அடக்க வேண்டியிருந்த அம்மனிதரை எண்ணுங்கால், சொற்சிக்கனத்தின் அருமை நமக்குப் புலனாகும்.

அந்நாளில் தாய்நாட்டில் இதழியலைக் கற்பிக்கக் கல்லூரி வகுப்பு ஏதுமில்லை. பத்திரிகை அலுவலகமே பள்ளியாக இருந்தது. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் தொடங்கிய 'சுதேசமித்திர'னில், 1904-இல் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார் பாரதியார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயதுகூட நிரம்பவில்லை. ஆங்கிலத் தந்திச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்கும் அன்றாடப் பணியே அவருடைய உரைநடையைப் பதப்படுத்தியது. கவிஞராக நாம் வணங்கும் அவரும் கூலிக்கு எழுதிப் பயின்றவரே என்பதை மறத்தல் ஆகாது.

இப்பயிற்சியை வகுப்பறைக்குக் கொண்டுவரும் முயற்சி சென்னையிலேயே அரும்பியது. 1920-இல் அடையாற்றில் அன்னி பெசன்ட் அம்மையார் தம் தேசியப் பல்கலைக்கழகத்தில் இதழியல் வகுப்பு நடத்தினார், அது நீடிக்கவில்லை. 1941-இல் லாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பி. பி. சிங் தொடங்கிய துறையே நிலைபெற்றது. நாட்டுப் பிரிவினைக்குப்பின் தில்லியில் இயங்கிய அத்துறை 1962-இல் சண்டிகரை அடைந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1947-இல் இதழியல் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. பின்னர்த் தமிழ் இலக்கியப் பாடத்திட்டங்களிலும் இதழியல் ஒரு பாடமாக இடம்பெற்றது. மா. பா. குருசாமியின் 'இதழியல் கலை' போன்ற நூல்கள் மாணவர்க்குத் துணை நின்றன. 1994–95-இல் பல்கலைக்கழக மானியக் குழு பட்டப் படிப்பில் 35 தொழிற்பாடங்களைப் புகுத்தியபோது, பயன்பாட்டு ஆங்கிலம், பயன்பாட்டு இந்தி, அலுவலக மேலாண்மை, மக்கள் தொடர்பியல் ஆகியன அப்பட்டியலில் இடம்பெற்றன.

இனி நம் தீவுகளுக்கு வருவோம். 1963-இல் போர்ட் பிளேரில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கிற்று. அந்நகர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று வழங்கப்படுகின்றது. நிர்வாகம் வெளியிடும் நாளேட்டின் பெயரே 'டெய்லி டெலிகிராம்ஸ்'. தீவினர்க்குச் செய்தி தந்தி வழியாக வந்த காலத்தை அப்பெயர் நினைவூட்டுகின்றது. 1967-இல் இங்கு அரசுக் கல்லூரி திறக்கப்பட்டது. அதுவே இன்றைய ஜவகர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயா. தொடக்கத்தில் அது இணைந்திருந்தது சண்டிகரின் பஞ்சாப் பல்கலைக்கழகத்தோடு! நாட்டின் மூத்த இதழியல் துறைக்கு உரிய பல்கலைக்கழகமே நம் பிள்ளைகளுக்கும் பட்டம் வழங்கியது. ஆனால் இடையே வங்கக் கடலும் வடஇந்தியச் சமவெளியும் கிடந்தன. 1985-இல் புதுவைப் பல்கலைக்கழகம் உருவான பின்னர், தீவுகளின் உயர்கல்வி தமிழ்நிலத்தை அடுத்து வந்தது. 1990-இல் மாயாபந்தரிலும் ஓர் அரசுக் கல்லூரி எழுந்தது.

இவ்வரலாற்றில் நம் குடும்பங்களின் இடம் யாது? 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581; அவருள் ஏறத்தாழ நூற்றுக்கு 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். நம் முன்னோருட் பலர் உடலுழைப்பாளராக வந்தவர். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் 1970-களில் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டன. குடியுரிமை, நிலம், கூலி, பள்ளிச் சேர்க்கை என எதற்கும் ஒரு தாள் வேண்டும். அதனை எழுத ஒருவர் வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நிக்கோபார்த் தீவுகளைச் சூறையாடியபோது கச்சாலும் பேரழிவுக்கு உள்ளாயிற்று. இத்தகைய பேரிடருக்குப்பின், இழந்ததை முறையாக எழுதித் தர இயலாதவனுக்கு இழப்பு இருமடங்காகின்றது.

நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அலுவலக எழுத்தைப் பயில்கின்றனர். அது வேண்டுவதே, அதனைக் குறை கூறோம். ஆனால் தமிழ் மட்டுமே அறிந்த முதியவர் கூறுவதைக் கேட்டு, பொருள் சிதையாமல் மற்றொரு மொழியில் எழுதித் தருவதும், வந்த மறுமொழியை அவர்க்கு விளங்கும் தமிழில் சொல்வதும் தனித்திறன் அல்லவா? ஒரு மொழியை மட்டும் பயின்றவர்க்கு அது கைவராது. திருமந்திர ஓலை செய்ததும் சுதேசமித்திரன் அலுவலகத்தில் பாரதியார் செய்ததும் இதுவேயாம்.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பட்டப் படிப்பில் தொழிற்பாடங்களுக்கும் இந்திய மொழிகளுக்கும் இடம் தருகின்றது. அவ்விடத்தில் தமிழில் அறிக்கை எழுதுதல், செய்தி எழுதுதல், மொழிபெயர்த்தல் ஆகியவற்றைத் தீவுக் கல்லூரிகளில் வேண்டிப் பெறுதல் நம் கடமை. அதுவரை சங்கங்கள் வாளா இருத்தல் வேண்டா. வாரத்தில் ஒரு மாலை, ஒரு கரும்பலகை, ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர், நாளேடு ஒன்று: இவை போதும். கவியரங்கிற்கு மேடை அமைக்கும் நாம், விண்ணப்பம் எழுதப் பழகும் இளைஞர்க்கு ஒரு மேசை இடுவோமாக.