ஷிரூரில் அகற்றப்பட்டது

1994 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் ஷிரூரில் இருந்த அரசுச் சான்று பெற்ற காப்பகத்திலிருந்து அறிவுசார் குறைபாடுடைய பெண்கள் சிலர் புணே நகரின் சாசூன் பொது மருத்துவமனைக்கு அழைத்து வரப்பட்டனர். பத்துக்கும் மேற்பட்டோரின் கருப்பைகள் அகற்றப்பட்டன. பெண்கள் அமைப்புகள் கிளர்ந்தெழுந்த பின்னரே எஞ்சியோருக்கான அறுவைகள் நின்றன.

அதிகாரிகள் கூறிய காரணங்கள் இரண்டு. மாதவிலக்கு நாட்களில் தம்மைத் தூய்மையாக வைத்துக்கொள்ள இப்பெண்களால் இயலவில்லை என்பது ஒன்று. வேண்டாத கருத்தரிப்பைத் தவிர்க்கலாம் என்பது மற்றொன்று. முதற்காரணம் பணியாளர் பற்றாக்குறையைச் சொல்லும் இன்னொரு முறை. இரண்டாவதுதான் நம்மை நிற்க வைக்கிறது. மதிற்சுவர்களுக்குள், அரசின் பொறுப்பில் வாழும் பெண் எவ்வாறு கருவுறுவாள்? கருவுறக்கூடும் என்று அஞ்சியவர்கள், யாரால் என்ற கேள்வியை எழுப்பியதாகத் தெரியவில்லை.

கருப்பையை எடுத்துவிட்டால் அத்துமீறுபவன் நின்றுவிடுவதில்லை. நடந்ததைச் சொல்ல மொழியற்ற ஒரு பெண்ணுக்குப் பல வேளைகளில் கருவே ஒற்றைச் சாட்சி. அந்தச் சாட்சியை முன்கூட்டியே அகற்றுவதற்குப் பாதுகாப்பு என்று பெயரிட்டார்கள். கிருமிக்கோ அறுவைச் சிகிச்சை ஒரு பொருட்டே அல்ல. இந்தியாவில் ஹெச்.ஐ.வி. தொற்று சென்னையில் சுனிதி சாலமன் குழுவினரால் 1986இலேயே கண்டறியப்பட்டிருந்தது. ஷிரூர் விவாதத்தின் போது அதற்கு எட்டு வயது.

அடுத்து வந்த விழிப்புணர்வுப் பிரசாரங்களும் இவர்களை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. 2000களின் தொடக்கத்தில் தமிழகச் சுவர்களெங்கும் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று எழுதியிருந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊரையே பேசவைத்த விளம்பரம்தான்; ஆனால் விடுகதையை அவிழ்க்கக் கூடியவர்களுக்கான விளம்பரம். நேரடிச் சொல்லும் படமும் திரும்பத் திரும்பக் கற்பித்தலும் தேவைப்படுவோருக்கு அதில் ஒன்றுமில்லை. அவர்களுக்குப் பாலுறவே இல்லை என்று சமூகம் தீர்மானித்திருந்தது. ஆகவே உடல் உறுப்புகளின் பெயர்களைக்கூட யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெயரே அறியாத இடத்தில் நேர்ந்த கொடுமையை எப்படி முறையிடுவது?

மானுடவியலாளர் நோரா குரோஸ் தலைமையில் யேல் பல்கலைக்கழகமும் உலக வங்கியும் நடத்தி 2004இல் வெளியிட்ட உலகளாவிய ஆய்வு இந்தத் தீர்மானத்தை உடைத்தது. ஊனமுற்றோருக்கும் பிறருக்கு நிகரான, சில இடங்களில் மிகுதியான, தொற்று அபாயம் உண்டு என்றது. கன்னியுடன் கூடினால் நோய் நீங்கும் என்ற கொடிய மூடநம்பிக்கை குறித்தும் அதே ஆண்டில் குரோஸ் எழுதினார். ‘அறியாதவள்’ என்று ஊர் கருதும் பெண் அந்த நம்பிக்கைக்கு எளிய இரையானாள்.

2009இல் சண்டிகரில் ஷிரூரின் கேள்வி திரும்பி வந்தது. அரசுக் காப்பகத்தில் வல்லுறவுக்கு ஆளாகிக் கருவுற்ற, அறிவுசார் குறைபாடுடைய ஓர் இளம்பெண். கருவைக் கலைக்கப் பஞ்சாப், ஹரியானா உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அவளோ குழந்தை வேண்டுமென்றாள். சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கு என அறியப்படும் அவ்வழக்கில், மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. அவள் இசைவின்றிக் கருக்கலைப்பு கூடாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவள் சொல் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளப்பட்டதே இதில் பெரிய செய்தி.

பின்னர் சட்டங்கள் விரைந்து வந்தன. 2013இன் திருத்தம், இத்தகைய பெண்ணின் வாக்குமூலத்தைச் சிறப்புக் கல்வியாளர் அல்லது மொழிபெயர்ப்பாளர் துணையுடன், காணொளிப் பதிவாகப் பெற வழிசெய்தது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தன் மேலாதிக்க நிலையைப் பயன்படுத்திப் பாலியல் சுரண்டல் செய்பவனைத் தனியே குற்றவாளியாக்கியது. காப்பகங்களின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு அந்தச் சொற்கள் யாரைச் சுட்டுகின்றன என்று விளங்கும்.

2017இல் மற்றொரு வழக்கு. மூளை முடக்குவாதம் கொண்ட, முப்பத்தெட்டு வயதான பெண் ஒருவரின் தாயார், மகளின் மனவயது குழந்தையினுடையது, எனவே குழந்தைகளுக்கான போக்சோ நீதிமன்றமே விசாரிக்க வேண்டும் என்று கோரினார். சட்டம் சொல்லும் வயது உடலின் வயதே என்று உச்சநீதிமன்றம் மறுத்தது. அதற்குள் குற்றஞ்சாட்டப்பட்டவர் இறந்துபோயிருந்தார். இழப்பீடு மட்டும் வழங்கச் சொல்லி வழக்கு முடிந்தது.